கதவு திறந்திருக்கின்றது, உள்ளே போவது யார்?

“திறந்த மூல மென்பொருள் என்கிறார்களே, அந்த வேலையில் எங்களைப் போன்றவர்களும் சேர முடியுமா? அதற்கு என்ன பரீட்சை தேற வேண்டும்? யாரிடம் சிபார்சுக்குப் போக வேண்டும்? தப்பாகச் செய்துவிட்டால் பெரியவர்கள் சிரிக்க மாட்டார்களா?” என்று பல தோழர்கள் நம்மைக் கேட்கின்றார்கள். கேட்கிறவர்களில் கல்லூரிப் படிப்பு முடித்தவர்களும் இருக்கின்றார்கள். பகலில் கடையில் கணக்கெழுதிக் கொண்டு இராத்திரியில் தானாகவே கணிப்பொறி கற்றுக் கொண்டவர்களும் இருக்கின்றார்கள். இரு சாராருடைய கேள்வியிலும் ஒரே பயந்தான் இருக்கின்றது. அதாவது, அது யாரோ மேதாவிகளுடைய இடம், நமக்கு அங்கே என்ன வேலை என்கின்ற பயம். இந்தப் பயத்துக்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்று விசாரித்துப் பார்ப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

முதலில், விஷயம் இன்னதென்று தெரியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டியிருக்கின்றது. கைபேசியாகட்டும், பாங்கியிலுள்ள கணிப்பொறியாகட்டும், அந்த யந்திரம் தானாக ஒன்றும் அறியாது. இன்னது வந்தால் இன்னது செய் என்று மனிதர்கள் வரி வரியாக எழுதி வைத்த கட்டளைகளின்படியே அது நடக்கின்றது. மனிதர் படிக்கக் கூடியபடி எழுதப்பட்ட அந்தக் கட்டளைகளுக்குத்தான் மூலநிரல் என்று பெயர். அதை யந்திரத்துக்கு ஏற்ற எண்களாக மாற்றிவிட்ட பிறகு மனிதர் படித்துப் பொருள் காண்பது மகா கஷ்டம். அநேக வியாபாரக் கம்பெனிகள் இந்த எண்களை மாத்திரம் நம்மிடம் கொடுத்துவிட்டு, மூலநிரலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் கொள்ளுகின்றன. பத்திரத்தை வாசித்துக் காட்டாமலேயே கைநாட்டு வாங்கிக் கொள்ளுவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கின்றது என்று கேட்டால், “எங்களை நம்புங்கள்” என்பதுதான் பதில்.

திறந்த மூல மென்பொருள் என்பது மூலநிரலையும் கூடவே கொடுத்துவிடுவதாகும். யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம், திருத்தலாம், நகலெடுக்கலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு உரிமைப் பத்திரமும் அத்துடன் சேர்ந்தே வருகின்றது. இதை வெறும் இலவசச் சாமான் என்று நினைப்பது தப்பு. சத்திரத்துச் சாப்பாடுங்கூட இலவசந்தான். ஆனால் சமையலறைக்குள் போய் உப்பு ஏன் அதிகமாயிற்று என்று கேட்க அங்கே நமக்கு உரிமையில்லை. இங்கே காசில்லாமல் கிடைப்பது பெரிதல்ல. கேட்கவும் பார்க்கவும் திருத்தவும் உரிமை கிடைப்பதே பெரிது.

இந்த முயற்சி எப்படிப் பிறந்தது என்பதும் தெரிந்து கொள்ளத் தக்கதேயாகும். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சிச் சாலை ஒன்றில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்து வந்தார். அங்கிருந்த பழைய அச்சு யந்திரத்தில் அடிக்கடி காகிதம் சிக்கிக் கொள்ளும். அதன் மூலநிரல் கையிலிருந்தபடியால், சிக்கிக் கொண்ட சங்கதி காத்திருப்பவர்களுக்கு உடனே தெரியும்படி அவர் திருத்தி வைத்திருந்தார். 1980ஆம் வருஷ வாக்கில் ஜெராக்ஸ் கம்பெனியார் அச்சாலைக்குப் புதிய லேசர் அச்சு யந்திரம் ஒன்று கொடுத்தார்கள். அதிலும் காகிதம் சிக்கிற்று. ஆனால் மூலநிரலைக் கொடுக்கவில்லை. கார்னகி மெலன் சர்வகலாசாலையில் ஒருவரிடம் அதன் நகல் இருப்பதாகத் தெரிந்து ஸ்டால்மன் நேரில் போய்க் கேட்டார். அவரோ, யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஒப்புக் கொண்டிருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார். ரிப்பேர் செய்யத் தெரிந்தவன் பக்கத்தில் நிற்கின்றான். ரிப்பேர் செய்ய வேண்டிய யந்திரமும் எதிரில் நிற்கின்றது. நடுவில் ஒரு காகித ஒப்பந்தம் குறுக்கே நிற்கின்றது! இதில் யாருக்கு என்ன லாபம்? இந்த அனுபவமும் இது போன்ற வேறு அனுபவங்களும் சேர்ந்துதான் 1983 செப்டம்பர் 27இல் குனூ என்னும் திட்டத்தை அவர் வெளியிடும்படிச் செய்தன. திருத்தி வெளியிடுகிறவன் தன் திருத்தத்தையும் அதே உரிமையோடு பிறருக்குக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையுள்ள ஜிபிஎல் என்னும் உரிமைப் பத்திரம் 1989இல் வந்தது.

பிறகு 1991 ஆகஸ்ட் 25இல், பின்லாந்து தேசத்து ஹெல்சின்கி சர்வகலாசாலையில் படித்துக் கொண்டிருந்த லினஸ் டார்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தாம் ஒரு இயங்குதளம் எழுதி வருவதாகவும், அது பொழுது போக்குக்காகத்தான் என்றும், பெரிதாக வரக்கூடியதல்ல என்றும் சொல்லி, அதில் என்னென்ன இருந்தால் நலமென்று பிறருடைய அபிப்பிராயத்தைக் கேட்டு எழுதினார். அதுதான் இன்று லினக்ஸ். உலகத்திலுள்ள அதி வேகமான 500 கணிப்பொறிகளின் ஜாபிதாவில் 2017 நவம்பரிலேயே அத்தனையும் லினக்ஸ் ஓடுகின்றவையாக ஆகிவிட்டன. நம் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசிக்கு அடியிலும் அதுவேதான் இருக்கின்றது. அவ்வளவு ஏன், அந்தக் கைபேசியில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு முன்னும் கால் பின்னுமாக முறையாய் வந்து நிற்கின்றதே, அந்த வேலையைச் செய்வதும் ஹார்ஃப்பஸ் என்னும் திறந்த மூல மென்பொருள்தான். ஆகவே இது எங்கேயோ அமெரிக்காவில் நடக்கும் சங்கதி, நமக்கென்ன என்று யாரும் சொல்லிவிட முடியாது. நாம் தமிழில் ஒரு வரி அனுப்பினாலும் அதற்குள் யாரோ முகம் தெரியாதவர்களுடைய உழைப்பு இருக்கின்றது.

நிற்க, இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, “ஆகா, எவ்வளவு உன்னதமான ஏற்பாடு!” என்று கன்னத்தில் போட்டுக் கொள்ளப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. மூலநிரலை எல்லோரும் பார்க்கலாமாதலால் அதில் குற்றம் நெடுநாள் ஒளிந்திருக்க முடியாது என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கின்றது. ஆனால் பார்க்கலாம் என்பது வேறு. பார்த்தார்கள் என்பது வேறு. நாலு பேர் பார்த்திருப்பார்கள் என்று நாற்பது லட்சம் பேர் நம்பிக் கொண்டு ஒருவருமே பாராமலிருந்தால், அந்த நம்பிக்கைக்கும் வேப்ப மரத்துப் பேய்க்கும் என்ன வித்தியாசம்?

நடந்ததைச் சொல்லுகின்றோம். இணையத்தில் நாம் அனுப்பும் கடவுச்சொல்லும் பணக் கணக்கும் வழியில் பிறர் கண்ணில் படாமல் போவதற்காக ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் திறந்த மூல மென்பொருளை உலகமெங்கும் உபயோகித்து வருகின்றார்கள். 2011 டிசம்பர் 31இல் அதில் ஒரு புதிய பகுதி சேர்க்கப்பட்டது. இரண்டு கணிப்பொறிகள் பேசிக் கொண்டிருக்கும்போது, “இருக்கின்றாயா?” என்று ஒன்று ஒரு சொல்லை அனுப்பினால் மற்றொன்று அதே சொல்லைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதுதான் அப்பகுதியின் வேலை. இதில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது. கேட்கிறவன் மூன்றெழுத்துச் சொல்லை அனுப்பிவிட்டு, “நான் அனுப்பியது ஐந்நூறு எழுத்து, திருப்பிச் சொல்” என்றால், உண்மையில் எத்தனை எழுத்து வந்தது என்று எண்ணிப் பாராமல், அந்த மூன்றையும் சொல்லி, மீதிக்குத் தன் ஞாபகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடும். அதில் பிறருடைய கடவுச்சொல்லும் இருக்கலாம், இரகசியச் சாவியும் இருக்கலாம். எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. பார்வையிட்டவர் கண்ணிலும் படவில்லை. 2012 மார்ச்சில் அது உலகத்துக்கு வெளியாயிற்று. 2014 ஏப்ரல் 7இல்தான் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெயரால் அக்குற்றம் வெளிப்பட்டது. இரண்டு வருஷத்துக்கு மேல் கதவு திறந்தேயிருந்தது. மூலநிரலும் எல்லோர் கண்ணுக்கும் எதிரிலேயே கிடந்தது. உலகத்துப் பெரிய பெரிய கம்பெனிகளெல்லாம் அதை உபயோகித்து லாபம் சம்பாதித்துக் கொண்டிருக்க, அதைப் பராமரிப்பதற்கு முழு நேரமும் உழைத்தவர் ஒரே ஒருவர் என்ற வெட்கக்கேடும் அப்போதுதான் வெளி வந்தது.

அக்குற்றத்தின் தன்மையைக் கவனியுங்கள். எதிராளி சொன்ன கணக்கைச் சரி பாராமல் நம்பியதுதான் அந்த நிரல் செய்த குற்றம். அந்த நிரலை யாரோ சரி பார்த்திருப்பார்கள் என்று நம்பியதுதான் ஜனங்கள் செய்த குற்றம். இரண்டும் ஒரே குற்றமே யாகும்.

இன்னொரு சம்பவம் 2024இல் நடந்தது. எக்ஸ்இஸட் என்று ஒரு சிறிய மென்பொருள் உண்டு. தகவல்களைச் சுருக்கி வைப்பது அதன் வேலை. அதையும் ஒருவரே ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். ஜியா டான் என்னும் பெயரில் ஒரு ஆசாமி 2021ஆம் வருஷத்திலிருந்து அந்தப் பக்கம் வந்து, நல்ல பிள்ளையாக உதவிகள் செய்து, கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பையும் கையில் வாங்கிக் கொண்டு, கடைசியில் பிறருடைய கணிப்பொறிக்குள் திருட்டுத்தனமாகப் புகுவதற்கு ஒரு கள்ள வாசலை அதற்குள் வைத்துவிட்டார். இதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்பவர். அவர் திருடர்களைப் பிடிக்கும் உத்தியோகஸ்தரல்ல. தகவல் களஞ்சிய மென்பொருளில் வேலை செய்கிறவர். தூரத்துக் கணிப்பொறிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விட்டுவிடாமல், ஏன் அரை விநாடி என்று கேட்டார். கேட்டுக் கொண்டே போய் மூலத்தைப் பிடித்து மார்ச் 29இல் உலகத்துக்கு அறிவித்தார். கள்ள வாசல் உலகமெங்கும் பரவுவதற்கு முன் பிடிபட்டது. மூலநிரல் பூட்டிக் கிடந்திருந்தால் அவர் எவ்வளவு புத்திசாலியாயிருந்தும் அவ்வளவு தூரம் போயிருக்க முடியுமா? மூலநிரல் திறந்திருந்தும் அவர் ஒருவர் ‘ஏன்’ என்று கேளாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆகவே திறந்த கதவும் வேண்டும். உள்ளே போய்ப் பார்க்கும் ஆளும் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்றால் பிரயோஜனமில்லை.

இப்போது தோழர்கள் கேட்ட கேள்விக்கு வருவோம். உள்ளே போக என்ன யோக்கியதை வேண்டும்? நம்மைக் கேட்டால், உபயோகிக்கிறவன் என்ற ஒரு யோக்கியதையே போதும் என்போம். செருப்புக் கடிக்கின்றது என்று சொல்லுவதற்குச் செருப்புத் தைக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் கடிக்கின்றது என்று சரியாகச் சொல்லத் தெரிந்தால் போதும். எனவே முதற் பங்களிப்பு என்பது பெரிய நிரல் எழுதுவதாய்த்தான் இருக்க வேண்டும் என்பது வீண் எண்ணம். நாம் தினமும் உபயோகிக்கும் ஒரு மென்பொருளில் ஒரு குற்றத்தைக் கண்டு, எந்தப் பதிப்பில் கண்டோம், என்ன செய்தோம், என்ன நடக்குமென்று எதிர்பார்த்தோம், உண்மையில் என்ன நடந்தது என்ற நான்கையும் மறைக்காமலும் கூட்டாமலும் எழுதி அனுப்பினால் அதுவே முதற்தரமான உதவி. “வேலை செய்யவில்லை” என்று மொட்டையாய் எழுதுவது உதவியாகாது. அனுப்புவதற்கு முன் அதே குற்றத்தை வேறு யாராவது முன்னமே எழுதியிருக்கின்றார்களா என்று தேடிப் பார்ப்பதும் கடமையாகும்.

அதற்கு அடுத்தது விளக்கப் புத்தகங்கள். 2017இல் கிட்ஹப் என்னும் நிறுவனத்தார் இவ்வேலையில் ஈடுபட்டவர்களை விசாரித்தபோது, விளக்கங்கள் குறைவாகவும் பழையதாகவும் இருக்கின்றன என்று முறையிட்டவர்கள் 100க்கு 93 பேர். ஆனால் விளக்கம் எழுதும் வேலையில் அபூர்வமாகவே சேருகின்றோம், அல்லது சேருவதே இல்லை என்று ஒப்புக் கொண்டவர்கள் 100க்கு 60 பேர். வழி தெரியவில்லை என்று எல்லோரும் சொல்லுகின்றார்கள். கைகாட்டி நடுவதற்கு மாத்திரம் ஆளில்லை. புதிதாய் வருகிறவனுக்குத்தான் எந்த இடத்தில் வழி தெரியாமல் நின்றோம் என்பது நன்றாகத் தெரியும். பழகினவனுக்கு அது மறந்து போயிருக்கும். ஆகவே இவ்வேலைக்குப் புதியவனே தகுந்தவன்.

இதில் எமது சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லி விடுகின்றோம். சில வருஷங்களுக்கு முன் யாம் உபயோகித்து வந்த ஒரு மென்பொருளின் தமிழ்ப் பதிப்பில், ஜன்னலை மூடுவதற்குரிய பொத்தானில் ‘மூடு’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘அருகில்’ என்று எழுதியிருந்தது. ‘குளோஸ்’ என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் உண்டல்லவா? மொழிபெயர்த்தவர் சொல்லை மாத்திரம் பார்த்திருக்கின்றார். அது நிற்கும் இடத்தைப் பார்க்கவில்லை. யாம் அதைப் பார்த்து நாலைந்து மாதம் சிரித்துக் கொண்டிருந்தோமே யல்லாமல் திருத்தலாம் என்று தோன்றவேயில்லை. ஒரு நாள், சிரிப்பதற்கு நமக்கு என்ன யோக்கியதை என்று தோன்றி, இரண்டு வரி எழுதி அனுப்பினோம். மூன்றாம் நாள் பதில் வந்தது. “தெரிவித்ததற்கு வந்தனம். நீங்களே திருத்தி அனுப்புகிறீர்களா?” என்று கேட்டிருந்தது. எழுதியவர் எந்தத் தேசத்தவரென்றுகூட நமக்குத் தெரியாது. நம் பட்டம் என்ன, உத்தியோகம் என்ன, ஊர் எது, குலம் எது என்று அவரும் கேட்கவில்லை. திருத்தி அனுப்பினோம். அவசரத்தில் பக்கத்து வரியில் ஒரு மேற்கோள் குறியை அழித்துவிட்டிருந்தோம். அதை அவர் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பினார். மறுபடி சரி செய்து அனுப்பினோம், ஏற்றுக் கொண்டார். ஒரே ஒரு சொல். ஆனால் அன்று முதல் அந்தப் பொத்தானை அழுத்துகின்ற ஒவ்வொரு தமிழருக்கும் ‘மூடு’ என்றுதான் தெரியும்.

வேலை நடக்கும் முறையையும் சொல்லிவிட்டால் பயம் பாதி குறைந்துவிடும். பெரும்பாலான திட்டங்களில் ‘ரீட்மீ’ என்று ஒரு ஏடும், எப்படி உதவுவது என்று சொல்லும் ‘கான்ட்ரிபியூட்டிங்’ என்று ஒரு ஏடும் இருக்கும். முதலில் அவைகளைப் படிக்க வேண்டும். புதிதாய் வருகிறவர்களுக்கு ஏற்ற சில்லறை வேலைகளுக்கு ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்று சீட்டு ஒட்டி வைத்திருப்பதும் உண்டு. பிறகு மூலநிரலின் நகல் ஒன்றை நம் பேருக்கு எடுத்துக் கொள்ளுகின்றோம். இதற்கு ‘ஃபோர்க்’ என்று பெயர். அந்த நகலில் திருத்துகின்றோம். என்ன திருத்தினோம், ஏன் திருத்தினோம் என்று குறிப்பு எழுதுகின்றோம். பிறகு, “இதைச் சேர்த்துக் கொள்ளுங்கள்” என்று விண்ணப்பம் அனுப்புகின்றோம். இதற்கு ‘புல் ரிக்வெஸ்ட்’ என்று பெயர். லினக்ஸ் கருவுக்கோ திருத்தங்களை மின்னஞ்சலிலேயே அனுப்புவது வழக்கம். பராமரிப்பவர்கள் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள், மாற்றச் சொல்லுவார்கள், சரியானால் சேர்த்துக் கொள்ளுவார்கள், இல்லையானால் மறுத்து விடுவார்கள்.

இதில் பயப்படத் தக்கது எங்கே இருக்கின்றது? நாம் தொட்டால் எல்லாம் கெட்டுப் போகும் என்கின்றார்கள் சிலர். அவர்கள் ஏற்றுக் கொள்ளுகிற வரையில் நம் திருத்தம் நம் நகலில்தானே இருக்கின்றது! அசலை அது தொடவேயில்லையே! சேர்த்த பிறகு தவறு தெரிந்தாலும், எந்த வரியை யார் எப்போது ஏன் மாற்றினார் என்ற சரித்திரம் முழுவதையும் ‘கிட்’ என்னும் கருவி வைத்திருக்கின்றது. டார்வால்ட்ஸ் 2005இல் எழுதியது அது. சேர்த்த மாற்றத்தை அதைக் கொண்டே திரும்ப எடுத்துவிடலாம். அப்படியிருக்க, நம் கை பட்டால் தீட்டுப்பட்டுவிடும் என்பது போலப் பயப்படுவது அறிவுக்குப் பொருத்தமா?

“திருப்பி அனுப்பினால் அவமானமல்லவா?” என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகின்றோம். காரணம் சொல்லாமல், “நீ யார்?” என்று கேட்டுத் துரத்தினால்தான் அவமானம். அப்படித் துரத்துகிற இடங்களும் சில உண்டு; அந்த இடத்தை விட்டு வேறு இடத்துக்குப் போவதுதான் மரியாதை. ஆனால், “இந்த வரியில் இன்ன காரணத்தால் தவறிருக்கின்றது” என்று ஒருவர் நேரம் செலவழித்து எழுதியனுப்பினால் அது நமக்குச் செய்த கௌரவமே யாகும். தன் தவறைப் பிறர் எடுத்துக் காட்டப் பொறுக்காதவன் பிறர் தவறை எடுத்துக் காட்ட எப்படிப் புறப்பட முடியும்?

இனி, வேறு ஒரு கூட்டத்தாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பயந்து வெளியே நிற்கிறவர்கள் ஒரு பக்கமிருக்க, பயமே இல்லாமல் உள்ளே வந்து குப்பை கொட்டுகிறவர்களும் இருக்கின்றார்கள். ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற பெயரால், அக்டோபர் மாதத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விண்ணப்பம் அனுப்பினவர்களுக்கு ஒரு பனியன் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. 2020இல் அந்தப் பனியனுக்காக ஒரு சொல்லை முன்னும் பின்னும் மாற்றி, விளக்க ஏட்டில் ‘அருமை’ என்று சேர்த்து, உலகமெங்கும் அர்த்தமற்ற விண்ணப்பங்களைக் குவித்துவிட்டார்கள். பராமரிப்பவர்கள் கதறவே, சம்மதித்த திட்டங்களுக்கு மாத்திரமே அது பொருந்தும் என்று அந்த மாதத்திலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2024இல் எக்ஸ்பிரஸ் என்னும் மென்பொருளுக்கு, ஒரு பாடக் காட்சியைப் பார்த்த நம் இந்திய மாணவர்கள் அநேகர் அதில் காட்டியபடியே ஏட்டில் தங்கள் பெயரை மாத்திரம் எழுதி அனுப்பினார்கள். கோவில் சுவரில் கரியால் பேர் எழுதி வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பிள்ளைகளை மாத்திரம் குற்றம் சொல்லிப் பயனில்லை. எதற்காகச் செய்கின்றோம் என்று கேட்கச் சொல்லிக் கொடாமல், இப்படிச் செய்தால் உத்தியோகம் கிடைக்கும் என்று சடங்காக மாத்திரம் சொல்லிக் கொடுத்தவர்களே பெரிய குற்றவாளிகள்.

இப்போது செயற்கை அறிவு யந்திரங்களும் வந்துவிட்டன. தனக்கே விளங்காத ஒரு அறிக்கையை யந்திரத்தைக் கொண்டு எழுதுவித்து, மகா ஆபத்தான குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அனுப்புகின்றார்கள். கர்ல் என்னும் மென்பொருளைப் பல வருஷங்களாகப் பராமரித்து வரும் சுவீடன் தேசத்து டேனியல் ஸ்டென்பெர்க், இத்தகைய பொய் அறிக்கைகளைப் படித்துப் படித்தே காலம் வீணாகின்றது என்று 2025இல் வெளிப்படையாக முறையிட்டார். யந்திரத்தை உபயோகிப்பது குற்றமென்று நாம் சொல்லவில்லை. தனக்குப் புரியாததைப் பிறர் தலையில் கட்டுவதுதான் குற்றம். “இதை ஏன் இப்படி எழுதினாய்?” என்று கேட்டால் சொந்தப் புத்தியைக் கொண்டு பதில் சொல்ல முடியாத எதையும் அனுப்பக் கூடாது. இது ஒன்றை மாத்திரம் விதியாக வைத்துக் கொண்டால் போதும்.

இனி ஆக்ஷேபணைகளைக் கவனிப்போம். “பணக்காரக் கம்பெனிகள் கொள்ளையடிப்பதற்கு நாங்கள் ஏன் கூலியில்லாமல் உழைக்க வேண்டும்?” என்று ஒரு ஆக்ஷேபணை. இதில் நியாயம் இல்லாமலில்லை. ஓப்பன் எஸ்எஸ்எல் கதையே அதற்குச் சாட்சி. ஆனால் இதைத் தர்மமாகவோ புண்ணியமாகவோ செய்யும்படி நாம் யாருக்கும் சொல்லவில்லை. லினக்ஸ் கருவில் வேலை செய்கிறவர்களில் மிகப் பலர் கம்பெனிகளில் சம்பளம் வாங்கிக் கொண்டுதான் செய்கின்றார்கள். வாங்கட்டும், அதில் தப்பில்லை. நீங்கள் உபயோகிக்கும் சாமானை உங்களுக்காகவே நீங்கள் திருத்திக் கொள்ளுங்கள் என்றுதான் சொல்லுகின்றோம். தெருக் கிணற்றைத் தூர் வாரினால் பணக்காரனும் வந்து தண்ணீர் இறைப்பான் என்பதற்காகக் கிணற்றைத் தூர்ந்து போகும்படி விட்டுவிடுவதா?

“இங்கிலீஷ் தெரியாதே” என்பது இரண்டாவது. நிரல் மொழிகளும் சம்பாஷணைகளும் பெரும்பாலும் இங்கிலீஷில் இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே இலக்கணத்துக்கு மார்க்குப் போடுகிறவர் எவருமில்லை. எழுதுகிறவர்களில் அநேகர் அதைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களாகவே காணப்படுகின்றார்கள். குட்டிக் குட்டி வாக்கியங்களாக எழுதினால் போதும். தவிரவும் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ் போன்றவை தமிழில் பேசுவதற்குக் காரணம் தொண்டர்கள் மொழிபெயர்த்ததுதான். அந்த வேலைக்குத் தமிழறிவுதானே பிரதானமாய் வேண்டும்!

மூன்றாவது, பெண்களைப் பற்றியது. இங்கே எல்லோரும் சமம் என்று சொல்லிக் கொள்ளுகின்றார்களே, அது முழு உண்மையா? 2017இல் வெளியான ஒரு ஆராய்ச்சியில் கிட்ஹப் விண்ணப்பங்களைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ஒரு திட்டத்துக்குப் புதியவர்களாக வந்த பெண்களின் விண்ணப்பங்களில், அனுப்பியவர் பெண் என்று தெரியாதபோது 100க்கு 71.8 ஏற்கப்பட்டன, பெண் என்று தெரிந்தபோது 62.5தான் ஏற்கப்பட்டன. ஆண்களுக்கும் ஓரளவு குறைந்தாலும் பெண்களுக்குக் குறைந்தது அதிகம். நிரலில் குற்றம் பார்ப்பதை விட்டுப் பிறவியில் குற்றம் பார்க்கும் புத்தி அங்கேயும் எட்டிப் பார்க்கத்தான் செய்கின்றது. இதைக் காட்டிப் பெண்களை வெளியே நிற்கச் சொல்லுவது நியாயமாகாது. இன்னும் அதிகமாய் உள்ளே போய், பராமரிக்கிற ஸ்தானத்துக்கே வந்து உட்கார வேண்டும் என்பதே இதற்குப் பரிகாரம். உள்ளே இருக்கும் ஆண்களும் பேரைப் பார்க்குமுன் வரியைப் பார்க்கக் கற்றுக் கொள்ள வேண்டும்.

ஆகவே தோழர்களே! திறந்திருக்கின்றது என்று கேள்விப்பட்டுத் திருப்தியடைந்து விடாதீர்கள். படிக்க உரிமையிருந்தும் படியாதவனுக்கும், படிக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டவனுக்கும் பலனில் வித்தியாசம் ஒன்றுமில்லை. இந்த வாரத்திலேயே நீங்கள் தினமும் உபயோகிக்கும் ஒரு திறந்த மூல மென்பொருளை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் ஒரு தவறான எழுத்தோ, விளங்காத வாக்கியமோ, மூட வேண்டிய இடத்தில் ‘அருகில்’ என்று நிற்கும் பொத்தானோ இருக்கின்றதா என்று பாருங்கள். இருந்தால், அதைத் திருத்த வேறு யாரோ வருவார் என்று காத்திருக்க வேண்டாம். அந்த யாரோ என்பவரும் உங்களைப் போலவே வேறு யாரோ வருவார் என்று காத்துக் கொண்டிருக்கின்றார்.